கலி அல்ல, கரி!

எட்டாம் வகுப்பு மாணவன் அவன். பருவக்காற்று எவ்வாறு உருவாகிறது என்ற வினாவுக்குத் தேர்வுத்தாளில் பிழையின்றி விடை எழுதியிருந்தான். நிலம் விரைந்து சூடேறுகிறது, கடல் மெல்லச் சூடேறுகிறது, அழுத்தம் குறைந்த இடம் நோக்கிக் காற்று பாய்கிறது, மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகிறது என்று படிப்படியாக எழுதியிருந்தான். ஐந்துக்கு ஐந்து அளித்தேன். மகிழ்ச்சி தாளாமல் அவனை அருகழைத்து, "சில ஆண்டுகளில் நம் ஊரில் மழை பொய்த்துவிடுகிறதே, ஏன் தம்பி?" என்று கேட்டேன். சற்றும் தயங்கவில்லை. "கலி முத்திடுச்சு ஐயா. எங்க ஆயா சொல்லிச்சு" என்றான். "அப்படியானால் தாளில் எழுதினாயே, அது?" என்றேன். "அது பரீட்சைக்கு ஐயா!" என்றான்.

பரீட்சைக்கு ஒன்று, வாழ்க்கைக்கு ஒன்று! ஏட்டிலே அறிவியல், எண்ணத்திலே புராணம்! தாளில் எழுதியதைத் தாளோடு விட்டுவிட்டு, வீட்டுத் திண்ணையில் கேட்டதை நெஞ்சோடு வைத்துக்கொள்கிறான் சிறுவன். அவனைக் குறை கூறேன். அவனுடைய ஆயாவையும் குறை கூறேன். எழுத்தறியா அந்த மூதாட்டிக்கு வேறு விடையை யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்? குறை கூறவேண்டியவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். பட்டம் பெற்று, பதவி பெற்று, ஆணை பிறப்பிக்கும் இடத்தில் இருக்கிறார்கள்.

2019ஆம் ஆண்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள் தோழர்களே! பூண்டி வறண்டது, சோழவரம் வறண்டது, புழல் வறண்டது, செம்பரம்பாக்கம் வறண்டது. நான்கு ஏரிகளும் வெடித்த களிமண்ணாய்க் கிடக்க, காலிக் குடத்துடன் தெருவிலே நின்றது தலைநகரம். சோலையார்பேட்டையிலிருந்து இரயில் பெட்டிகளில் தண்ணீர் கொண்டுவரும் நிலை சூலைத் திங்களில் வந்தது. அதற்குச் சில திங்களுக்கு முன்பே அரசு விழித்துக்கொண்டது. எப்படி விழித்துக்கொண்டது? அறநிலையத் துறையிலிருந்து கோயில்களுக்குச் சுற்றறிக்கை பறந்தது! மழை வேண்டி யாகம் நடத்துக. வருண செபம் செய்க. நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டிக் கழுத்தளவு நீர் நிரப்புக. அமிர்தவர்ஷினி முதலான இராகங்களை நாதசுரத்திலே வாசிக்கச் செய்க! குடிக்க நீரில்லாத கோடையில் கல் நந்தி குளிக்க நீர் உண்டு! சூன் திங்களில் ஆளுங்கட்சியின் அமைச்சர்களே கோயில்தோறும் யாகத்தில் அமர்ந்தார்கள். கட்சியின் பெயரிலோ அண்ணாவின் பெயர். கொடியிலோ அண்ணாவின் உருவம். கையிலோ ஆகுதிக் கரண்டி!

"மழை பிறகு வந்ததே!" என்பர் வைதிகர். வந்தது, ஆண்டுதோறும் வரும் பருவம் அவ்வாண்டும் வந்தது. கோழி கூவியதால் பொழுது விடிந்தது என்று கோழி நினைத்துக்கொள்ளலாம், நாம் நினைக்கலாமா? யாகம் நடந்தும் மழை வராத ஆண்டுகளை எந்தப் புரோகிதராவது கணக்கெழுதி வைத்திருக்கிறாரா?

கலி முற்றியதால் மழை பொய்த்தது என்ற கூற்றையே ஒரு கருதுகோளாக ஏற்று ஆராய்வோம். பகுத்தறிவாளர் எதையும் ஆராயாமல் தள்ளுவதில்லை அல்லவா? கலியுகம் என்பது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய யுகமன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமும் அதே யுகம்தான். கேரளத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. தமிழ்நாட்டிலோ சராசரி 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மலையைத் தாண்டியதும் கலி முற்றுமோ? பாலக்காட்டாரின் புண்ணியம் பல்லடத்தாருக்கு இல்லையோ? புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை, மலை இருக்கிறது! அரபிக்கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று, மலையின் மேற்குச் சரிவில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, சுமையை அங்கே இறக்கிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது அது வெறுங்கையோடு இறங்குகிறது. ஆகவேதான் மற்ற மாநிலங்களுக்குத் தென்மேற்கு தாயாக இருக்க, நமக்கு வடகிழக்குப் பருவம் தாயாயிற்று. நம் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியை அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான மூன்று திங்களே தருகின்றன. அந்த மூன்று திங்கள் தவறினால் அடுத்த கோடையில் குடம் தவிக்கும். 2016இல் அதுவே நடந்தது. வடகிழக்குப் பருவ மழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது.

வானிலை வேறு, காலநிலை வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இன்று மாலை மழை வருமா என்பது வானிலை. ஐப்பசியில் இவ்வூருக்கு எவ்வளவு மழை வருவது வழக்கம் என்பது காலநிலை. முப்பதாண்டுக் கணக்கைக் கூட்டி வகுத்துப் பார்த்துச் சொல்லும் வழக்கம் அது. ஒரு நாள் கோபிப்பவனைக் கோபக்காரன் என்று சொல்லிவிட முடியாது. முப்பதாண்டுக் குணம் மாறினால்தான் ஆள் மாறிவிட்டான் என்போம்.

பஞ்சாங்கக்காரருக்கோ முப்பதாண்டுக் கணக்கு வேண்டியதில்லை. சித்திரை முதல் நாளே, இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை, கடலில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை பங்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவார். எந்த ஊரில், எந்த நாளில், எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டால் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஆனால் அந்தப் பஞ்சாங்கம் நம் மக்களின் துயர நினைவிலேயே முத்திரை குத்தி வைத்திருக்கிறது என்பதுதான் வேதனை. நம் பாட்டன்மார் கண்ட கொடிய பஞ்சத்துக்குப் பெயர் என்ன? தாது வருடப் பஞ்சம்! வருடத்தின் மேல் பழி! தாது என்னும் ஆண்டு பிறந்தது, பஞ்சத்தைக் கொண்டுவந்தது, தொலைந்தது, அவ்வளவுதான் வரலாறு!

அப்படியானால் அறுபதாண்டுக்கு ஒரு முறை தாது வரவேண்டும், வந்தது. 1936இல் ஒரு தாது, 1996இல் ஒரு தாது. 1996 சூன் திங்களில், பருவமே அல்லாத காலத்தில், சென்னையில் கொட்டித் தீர்த்தது மழை! தாதுவின் கையில் பஞ்சம் இருந்ததா, வெள்ளம் இருந்ததா? இன்னொன்றும் கேட்கிறேன். 1876 முதல் 1878 வரை இங்கே மக்கள் மடிந்த அதே காலத்தில் வட சீனத்திலே இலட்சக்கணக்கில் மடிந்தார்கள். பிரேசில் நாட்டின் வடகிழக்கே சியாரா என்னும் பகுதியிலும் மடிந்தார்கள். சீனனுக்குத் தாது வருடம் தெரியுமா? பிரேசில் நாட்டுக் கத்தோலிக்கனுக்குப் பாம்புப் பஞ்சாங்கம் தெரியுமா? ஒரே காலத்தில் மூன்று நாட்டில், மூன்று மதத்தார், மூன்று விதமாகக் கும்பிட்டும் ஒரே விதமாகச் செத்தார்கள்.

உண்மையில் நடந்தது என்ன? 1876இல் சென்னை மாகாணத்தில் தென்மேற்கும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. அடுத்த ஆண்டு பசிபிக் பெருங்கடலில் கடுமையான எல் நினோ தலைதூக்கியது. தென்மேற்குப் பருவம் மறுபடியும் ஏய்த்தது. இவ்வளவும் கடலும் காற்றும் செய்தவை. ஆனால் அதன்பின் நடந்தவற்றைக் கடல் செய்யவில்லை. ஆற்றுநீர் வற்றிய அந்த நாளிலும் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877 சனவரி முதல் நாள், சென்னை மாகாணத்துத் தெருக்களில் மக்கள் சுருண்டு விழுந்துகொண்டிருக்க, தில்லியிலே லிட்டன் பிரபு தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியப் பேரரசி என்று அறிவித்தார். பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட வந்த ரிச்சர்டு டெம்பிள், மண்சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். (டெம்பிள் என்றால் கோயில், அந்தக் கோயிலின் படியளப்பு அப்படி!) அந்தக் கூலிக்கு வெட்டியதுதான் இன்று சென்னைக்குள்ளே கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில் நாறிக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி. சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது மதிப்பீடு. மாண்டவர் யார்? நிலமில்லாத உழவுக் கூலிகள்; சேரியிலே பிறந்தவர்கள். உயிர் தப்பியவர்களுள் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். அவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்றும் அங்கே மலைச்சரிவில் லயங்களில் வாழ்கிறார்கள்.

வறட்சியை அனுப்பியது கடல். சாவை அனுப்பியது கோட்டை. இரண்டையும் சேர்த்து வருடத்தின் தலையில் கட்டிவிட்டது பஞ்சாங்கம். லிட்டனுக்கு இதைவிட நல்ல வழக்கறிஞர் கிடைத்திருப்பாரா?

எல் நினோ என்றேனே, அந்தப் பெயரே ஒரு வேடிக்கை. பெரு நாட்டுக் கரையில் மீனவர்கள், கிறித்துமசு நாளையொட்டிச் சில ஆண்டுகளில் கடல்நீர் வெதுவெதுப்பாவதைக் கண்டு, அதற்குக் குழந்தை ஏசு என்று பெயரிட்டார்கள். வழக்கமாகப் பசிபிக்கில் கிழக்கிலிருந்து மேற்கே வீசும் காற்று, வெந்நீரை இந்தோனேசியா பக்கம் ஒதுக்கித் தள்ளிவைக்கும். பெருவின் கரையில் அடியாழத்துக் குளிர்நீர் சத்துகளோடு மேலே வரும், மீன் கொழிக்கும். காற்று தளர்ந்த ஆண்டில் வெந்நீர் கிழக்கே திரும்பிவிடும்; மேகமும் அதன் பின்னே போய்விடும். பெருவிலே மீன் ஓடும், வெள்ளம் பெருகும். ஆத்திரேலியாவில் காடு எரியும். இந்தியாவில் தென்மேற்குப் பருவம் தளர்வது வழக்கம். ஒரே நீர், ஒரே காற்று. ஓரிடத்தில் வெள்ளம், ஓரிடத்தில் வறட்சி! ஆண்டவன் யார்மேல் கோபம் கொண்டான்? வெள்ளத்தில் போன பெருக்காரன் மேலா, வெயிலில் வாடிய ஆந்திரக்காரன் மேலா?

இதைக் கண்டறிந்த வரலாறு ஒவ்வோர் இளைஞரும் அறியவேண்டியது. 1899ஆம் ஆண்டு மழை பொய்த்துப் பெரும்பஞ்சம் வந்த பிறகு, இந்திய வானிலைத் துறைக்கு 1904இல் தலைமை ஏற்று வந்தார் கில்பர்ட் வாக்கர். வானிலை படித்தவர் அல்லர். கேம்பிரிட்சுக் கணித அறிஞர். எறிந்தால் திரும்பிவரும் வளைதடியின் கணிதத்தில் வல்லவர். எழுத்தர்களை வரிசையாக அமர்த்தி, உலகெங்குமிருந்து வந்த காற்றழுத்தக் கணக்குகளை ஆண்டுக்கணக்கில் ஒப்பிடச் செய்தார். பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது என்று கண்டார்; ஊசலாட்டம் என்று பெயரிட்டார். காரணம் அவருக்கு விளங்கவில்லை. 1969இல் பியெர்க்னெசு என்னும் அறிஞர்தாம் கடலின் வெப்பத்தையும் வாக்கர் கண்ட ஊசலையும் இணைத்துக் காட்டினார்.

இதிலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 1997இல் மிகக் கடுமையான எல் நினோ, எல்லோரும் அஞ்சினர், ஆனால் இந்தியாவில் தென்மேற்குப் பருவம் இயல்பாகவே பெய்தது! நமது வடகிழக்குப் பருவத்துக்கோ எல் நினோ பல ஆண்டுகளில் நண்பனாகவே இருக்கிறது. "பார்த்தீர்களா, விஞ்ஞானமும் தவறுகிறதே!" என்று கைகொட்டுவார்கள். ஆம், தவறுகிறது, தவறியதை அதுவே அச்சிட்டு வெளியிடுகிறது, ஏன் தவறினோம் என்று இந்தியப் பெருங்கடலின் வெப்பத்தையும் அளக்கப் போகிறது. தவறிய பஞ்சாங்கம் எதுவாவது மன்னிப்புக் கேட்டதுண்டா? அடுத்த சித்திரையில் புது அட்டை போட்டுக்கொண்டு அதே விலைக்கு வருகிறது!

காற்றும் கடலும் இவ்வாறு கட்டுண்டவை என்றால், உயிர்களும் அவ்வாறே கட்டுண்டவை. அதை ஆராயும் துறைக்குச் சூழலியல் என்று பெயர். செருமானிய அறிஞர் எக்கல் 1866இல் இட்ட பெயரின் மூலச்சொல் கிரேக்கத்தில் வீடு என்று பொருள்படும். வீட்டுக் கணக்கு, வேறொன்றும் இல்லை. யார் சமைக்கிறார், யார் உண்கிறார், யார் எச்சிலைக் கூட்டிப் பெருக்குகிறார் என்ற கணக்கு. சமைப்பது பச்சை இலை, ஞாயிற்றின் ஒளியில். உண்பன பல, உண்டதை உண்பன சில, செத்ததை மண்ணாக்கி மறுபடியும் வேருக்கு ஊட்டுவன, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி. இந்த வீட்டில் மேல்சாதி கீழ்சாதி கிடையாது. பெருக்குபவன் நின்றுவிட்டால் சமைப்பவனும் நின்றுவிடுவான்.

நம் வயல்வெளியிலேயே ஒரு சான்று. ஆந்தை அலறினால் அபசகுனம். ஆகவே கல்லெடுத்து அடி! அந்த ஆந்தை இரவெல்லாம் செய்வது என்ன? எலி பிடிக்கிறது. எலி செய்வது என்ன? நெற்கதிரை அறுத்து வளையில் சேர்க்கிறது. ஆந்தையை விரட்டியவன் எலிக்கு விருந்து வைத்தான். எலிக்கு நஞ்சு வைத்தான். நஞ்சுண்ட எலியைத் தின்று எஞ்சிய ஆந்தையும் செத்தது. அபசகுனம் வந்தே விட்டது, ஆந்தையால் அல்ல.

இனி, தலைப்புக்கு வருகிறேன். காலநிலை மாறிவருகிறது என்பது உண்மை. ஆயா சொன்னதில் அந்தப் பாதி பொய்யன்று. "முன்பெல்லாம் இப்படி இல்லை" என்று அவர் கண்டதைக் கருவிகளும் கண்டிருக்கின்றன. அளந்து பதிவு செய்த ஆண்டுகளிலேயே வெப்பமிக்க ஆண்டு 2024. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிட உலகின் சராசரி வெப்பம் ஒரு டிகிரிக்கும் கூடுதலாக ஏறிவிட்டது. காரணத்தில்தான் ஆயாவை ஏமாற்றிவிட்டார்கள். கலி முற்றவில்லை தோழர்களே, கரி முற்றியிருக்கிறது!

1856இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு நிறைந்த குழாய் கூடுதலாகச் சூடேறியது, ஆறவும் நெடுநேரம் பிடித்தது. இந்த வாயு காற்றில் மிகுந்தால் பூமி சூடாகும் என்று எழுதினார். அறிஞர் அவையில் அக்கட்டுரையைப் படித்தவர் அவரல்லர், ஓர் ஆண்! பின்னர் நூறாண்டுக்கு மேல் அந்த அம்மையாரை உலகம் மறந்தும் போயிற்று. மூன்றாண்டு கழித்து டிண்டால் அளந்து காட்டினார். 1896இல் அரீனியசு கணக்கிட்டுக் காட்டினார். 1958இல் அவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து இலட்சம் பங்கில் 315 பங்கு கரியமில வாயு. ஆலைகள் எழுமுன் அது 280 அளவில் இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்குள் புதைந்து கிடந்த கரியையும் எண்ணெயையும் இருநூறு ஆண்டுகளில் தோண்டி எரித்த புகை அது. அந்தப் போர்வை பிடித்துவைக்கும் மிகைவெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் கடல் விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு டிகிரி சூடேறினால் காற்று ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுதல் ஈரம் சுமக்கும். ஆகவே வறள்வதும் கடுமை, கொட்டுவதும் கடுமை.

யார் எரித்தார்? இதுவரை எரித்த கணக்கில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்காவுடையது. இன்றும் அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்குப் பதினான்கு டன் அளவில் கரியமில வாயுவை வெளிவிட, இந்தியர் ஒருவருக்கு இரண்டு டன் அளவே வருகிறது. அந்த இரண்டும் சராசரி. குளிரூட்டிய மாளிகைக்காரரின் கணக்கையும் குடிசைக்காரரின் கணக்கையும் கூட்டி வகுத்த சராசரி! கலி என்று சொன்னால் எல்லோரும் பாவிகள். ஆகவே எவரும் குற்றவாளி இல்லை. கரி என்று சொன்னால் கணக்கு வருகிறது. கணக்கு வந்தால் கடன் வருகிறது. கடன் வந்தால் கேட்க வேண்டியவர் யார், கொடுக்க வேண்டியவர் யார் என்பது வருகிறது. அதனால்தான் கலி பலருக்கு இனிக்கிறது.

படித்தவர்களிடையே கலி வேறு உடை உடுத்தி உலவுகிறது; அதையும் அடையாளம் காட்டவேண்டும். "இயற்கையின் சீற்றம்" என்பது அதன் பெயர்! 2015 திசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. சென்னை மூழ்கியது. ஏடுகள் யாவும் இயற்கை சீறியது என்றே எழுதின. அவ்வளவு மழைக்கு அவ்வாண்டு எல் நினோவுக்கும் பங்குண்டு. கரியின் பங்கு எவ்வளவு என்று அறிஞர் ஆராயட்டும். ஆனால் பெய்த மழை போகும் வழியை அடைத்தது யார்? இயற்கையா? அது மனிதர் செய்த பேரிடர் என்று பின்னர் மத்தியத் தணிக்கைத் துறையே எழுதவில்லையா? வருணனை விரட்டிவிட்டு அவன் நாற்காலியில் இயற்கையை அமர்த்திச் சீறவைப்பது பகுத்தறிவாகாது.

ஏரி என்பது குழியன்று. ஒன்றின் கலிங்கில் வழிந்த நீர் அடுத்ததற்குப் போக, அது நிரம்பி அதற்கடுத்ததற்குப் போக, சங்கிலியாய்க் கோத்த அமைப்பு அது. மழைநாளில் வெள்ளம் தாங்கும். கோடையில் கிணறு ஊறச் செய்யும். வண்டலை வயலுக்குத் தரும். மீனையும் நாரையையும் வளர்க்கும். ஏறத்தாழ 39,000 ஏரிகள் தமிழ்நாட்டில் கணக்கில் உள்ளன. கணக்கில்!

பிறர் முற்றத்துக் குப்பையை மட்டும் காட்டுவது ஈரோட்டுப் பள்ளியில் பயின்றோருக்கு அழகன்று. நம் முற்றத்தையும் பெருக்குவோம். சென்னை தியாகராய நகரில் நடக்கும் இளைஞருக்கு அது ஏரியின் மீது எழுந்த ஊர் என்பது தெரியுமா? மாம்பலத்தில் நீண்டு கிடந்த பேரேரி, 1920களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் தூர்க்கப்பட்டு நகராயிற்று. தியாகராயர் பெயரில் நகர். பனகல் அரசர் பெயரில் பூங்கா. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்காட்சிச் சாலை என்ற பொருளில் லேக் வியூ சாலை இன்றும் இருக்கிறது, காட்சியைத்தான் காணோம். அடுத்து, 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம்! கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்திலேயே வான்சிறப்பைப் பாடிய புலவருக்கு நாம் எழுப்பிய கல்தேர், நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலத்தில் நிற்கிறது. அதே நுங்கம்பாக்கத்தில்தான் வானிலை ஆய்வகமும் இருக்கிறது. மழையை அளக்கும் கருவி இருக்கிறது. மழையை ஏந்திய ஏரி இல்லை. அன்று சூழலியல் அறிவு பரவவில்லை, வீடற்ற மக்களுக்கு வீடு வேண்டியிருந்தது என்று சமாதானம் கூறலாம். முதல் பாதி ஓரளவு உண்மையே. பள்ளிக்கரணைக்கு என்ன சமாதானம் கூறுவோம்? தென்சென்னையின் வெள்ளமெல்லாம் வந்து தங்கி வடிந்து கடல் சேரும் சதுப்புநிலம் அது. பயனற்ற தரிசு என்று ஏட்டில் எழுதினார்கள், குப்பை கொட்டினார்கள், கணினிக் கோபுரங்கள் எழுப்பினார்கள். பழைய பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எஞ்சிய பின், 2022இல் உலகச் சிறப்புச் சதுப்புநிலமாக ராம்சார் பட்டியலில் ஏறியது.

இதிலும் சாதி இருக்கிறது, வர்க்கம் இருக்கிறது. கூவக் கரைக் குடிசைவாசி ஆக்கிரமிப்பாளர். அவரைப் பெயர்த்தெடுத்துச் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். அந்த இடங்களோ சதுப்பை ஒட்டிய தாழ்நிலம். மழை வந்தால் முதலில் மூழ்குபவை! ஆற்றங்கரையில் இருந்தபோது வெள்ளம் அவரைத் தேடி வந்தது. இப்போது வெள்ளம் இருக்கும் இடத்துக்கு அவரையே கொண்டுபோய் வைத்தாயிற்று. சதுப்பின் நடுவே எழுந்த கண்ணாடி மாளிகைக்குப் பெயர் ஆக்கிரமிப்பு அன்று, முதலீடு! வட சென்னையில் எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிகிறது. விளக்கெரிவது ஊரெங்கும், சேறாவது மீனவன் வலை. நெய்வேலியைப் பற்றி நாம் பெருமை பேசியதுண்டு. பேசத் தகுந்த உழைப்பும் அதில் உண்டு. ஆனால் கரியைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் நெய்வேலியை விட்டுவிட்டு எழுதினால் அது கட்சிக்கணக்கு, அறிவியல் கணக்கன்று.

"மரத்தையும் ஆற்றையும் தெய்வம் என்றார்களே முன்னோர், அந்த அச்சம் அல்லவா அவற்றைக் காத்தது?" என்று நயமாகக் கேட்போர் உண்டு. கோயில் காடுகள் சில எஞ்சியிருப்பது உண்மை, மறுக்கமாட்டேன். ஆனால் அச்சம் காக்கும் காவல் எவ்வளவு தூரம்? பரிகாரம் என்று ஒன்றை அதே கையால் விற்பவன் வரும் வரைக்கும்தான். நொய்யலைப் பாருங்கள். பேரூரில் அதன் கரையில் தர்ப்பணம். திருப்பூரில் அதன் வயிற்றில் சாயக்கழிவு. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியானது. கீழே உழவர் நிலம் பாழ்பட்டது. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதே, அந்த ஆணையைப் பெற்றது மந்திரமா? வழக்காடிய உழவர்கள்! நீரில் உப்பு எவ்வளவு என்று அளந்து காட்டிய கணக்கு! கங்கையைத் தாய் என்று கும்பிடுவோர் கோடி. அந்தத் தாயின் நிலையைக் காசியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மறுபடியும் என் மாணவனிடம் வருகிறேன். அவனோடு வாதாடவில்லை. ஒரு கண்ணாடிப் புட்டி, ஒரு புனல், ஓர் அளவுகோல். பள்ளித் திடலில் மழைமானி ஒன்று அமைத்து, நாள்தோறும் காலையில் அளந்து ஏட்டில் எழுதும் பொறுப்பை அவனிடமே ஒப்படைத்தேன். சில வாரங்கள் ஏட்டில் சுழி மட்டுமே இருந்தது. ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் காலை நனைந்த தலையோடு ஓடிவந்தான். "ஐயா, நேத்து ராத்திரி 64 மில்லிமீட்டர்!" என்றான். சற்றுப் பொறுத்து, "இவ்ளோ மழை பேஞ்சும் ஏரியில ஒண்ணும் ஏறலியே ஐயா, அந்தத் தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டான்.

பள்ளி விட்டதும் அவனையும் நான்கைந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, ஏரிக்கு நீர் வரும் கால்வாயின் வழியே மேல்நோக்கி நடந்தோம். முதல் அரைக்கல் வரை கால்வாய் இருந்தது. அதற்கு மேல், கால்வாய் ஓடவேண்டிய இடத்தில், வண்ண விளக்குகள் தொங்க, ஒரு திருமண மண்டபம் நின்றது. அதன் பின்சுவரில் மோதி, பக்கத்துத் தெருவுக்குள் திரும்பி, யார் யார் வீட்டுக்குள்ளேயோ போய்க்கொண்டிருந்தது நேற்றைய மழை. பையன் அளவுகோலை எடுத்தான். தெருவில் நின்ற நீரில் ஊன்றினான். ஏட்டைத் திறந்து எழுதிக்கொண்டான்.